புது டயரை ஓரம் வரை பழக்குதல்: ஒரு பல்சர் 220 பதிவு

பல்சர் 220எஃப் வண்டியின் இரண்டு டயர்களையும் ஒரே நாளில் மாற்றி, வால்பாறை மலைச்சாலையில் ஏற்றுவதற்கு முன் அவற்றைப் படிப்படியாகப் பழக்கிய விதத்தை இங்கே பதிவு செய்கிறேன். வண்டி 2016ஆம் ஆண்டு மாடல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு கிடையாது. 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகள் அனைத்துக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் என்ற விதி 2019 ஏப்ரலில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது என்பதால், அதற்கு முன் விற்பனையான இப்படிப்பட்ட வண்டிகள் இன்றும் சாலையில் ஏராளமாக ஓடுகின்றன. பழைய டயரில் தாங்கிய அதே பிரேக் அழுத்தத்தில் புது டயர் சறுக்கினால், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்க இவ்வண்டிகளில் ஓட்டுபவரின் கையையும் காலையும் தவிர வேறு எதுவும் இல்லை.

பின் டயரின் நடுப்பகுதியில் பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள், ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. இருசக்கர வண்டிக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 0.8 மில்லிமீட்டர்தான் என்றாலும், அந்த அளவு வரும்வரை காத்திருப்பது மழைக்காலத்தில் அறிவுடைமை ஆகாது. பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறியை மேல்மட்டம் நெருங்கிவிட்டதைப் பார்த்ததுமே மாற்ற முடிவு செய்தேன். முன் டயரில் பட்டன் மீதமிருந்தது. ஆனால் பக்கச் சுவரில் முடி போன்ற வெடிப்புகள் ஓடத் தொடங்கியிருந்தன. ஒன்றை மட்டும் மாற்றினால் செலவு குறையும். ஆயினும் நெடுஞ்சாலையில் நேராகவே ஓடி நடுவில் தட்டையாகிப்போன டயரும், முழு வளைவோடு இருக்கும் புது டயரும் ஒரே வண்டியில் சேரும்போது, சாய்க்கும் நேரத்தில் முன்னும் பின்னும் வெவ்வேறு விதமாகத் திரும்பும். மலைக்குப் போகும் எண்ணம் இருந்ததால் இரண்டையும் மாற்றுவதே சரி என்று பட்டது.

அளவில் எந்த மாற்றமும் செய்யவில்லை. முன்னால் 90/90-17, பின்னால் 120/80-17, இரண்டும் ட்யூப்லெஸ். அளவை அடுத்து வரும் எண்ணும் எழுத்தும் சுமையையும் வேகத்தையும் குறிப்பவை. 49 என்றால் 185 கிலோ, 61 என்றால் 257 கிலோ வரை தாங்கும். பி என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தைக் குறிக்கும். இவை வண்டிக்குச் சொல்லப்பட்டதைவிடக் குறையக் கூடாது. அடுத்ததாக, பக்கச் சுவரில் சிறு கட்டத்துக்குள் பொறிக்கப்பட்டிருக்கும் நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு; 2224 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 22ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர். கடையின் மேல் அடுக்கில் வெயில் படும் இடத்தில் கிடந்த டயரைத் தவிர்த்துவிட்டு, உள்ளே இருந்ததைக் கேட்டு வாங்கினேன்.

மாட்டும் வேலையைக் கடையில்தான் செய்வித்தேன். பக்கத்திலேயே நின்று கவனித்தது நான்கைந்து விஷயங்களை மட்டுமே. டயரில் உள்ள அம்புக்குறி, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். பக்கச் சுவரில் மஞ்சள் புள்ளி இருந்தால், அது டயரின் எடை குறைந்த இடம் என்பதால், வால்வுக்கு நேராக வர வேண்டும். பைக் சக்கரத்தைத் தனியாகப் பேலன்ஸ் செய்து தரும் கடைகள் நம் ஊரில் குறைவு ஆதலால் இந்தச் சிறு கவனத்துக்கு மதிப்பு உண்டு. பீடிங் எனப்படும் உள்விளிம்பு ரிம்மில் ஏறுவதற்குச் சோப்புத் தண்ணீரையே தடவ வேண்டும். கிரீசோ எஞ்சின் ஆயிலோ கூடாது. காற்று ஏற்றும்போது 'டப்' என்று இருமுறை சத்தம் வந்து உள்விளிம்பு உட்கார்ந்த பிறகு, பக்கச் சுவரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன். பின் டயரில் ஓரிடத்தில் அந்தக் கோடு ரிம்முக்குள் மறைந்திருந்தது. காற்றை முழுவதும் இறக்கி, அந்த இடத்தில் மீண்டும் சோப்புத் தண்ணீர் விட்டு ஏற்றியதும் சமமாக வந்தது. அப்படியே விட்டிருந்தால், வேகத்தில் பின்பக்கம் துள்ளுவதற்குக் காரணம் புரியாமல் அலைய வேண்டியிருந்திருக்கும்.

உள்விளிம்பை உட்கார வைப்பதற்கென்று ஏற்றிய கூடுதல் காற்று அப்படியே இருந்துவிடுவது வழக்கம். இவ்வண்டிக்கு முன்னால் 25 பி.எஸ்.ஐ., பின்னால் தனியாக ஓட்டும்போது 28, இன்னொருவர் ஏறினால் 32. அதைவிட மிகுதியாக இருந்தால் சாலையைத் தொடும் பரப்பு சுருங்கும். வழுக்கும் தோலுடன் இருக்கும் புது டயருக்கு அது கூடுதல் கேடு. கையோடு கொண்டுபோன அளவுமானியால் கடையிலேயே சரிபார்த்துக்கொண்டேன்.

வேலை முடியும் தருவாயில் உதவிக்கு இருந்த தம்பி, சோடா பாட்டிலில் கறுப்பு நிறத் திரவத்தையும் பஞ்சு ஒன்றையும் எடுத்து வந்தார்.

"அது வேண்டாம் தம்பி."

"காசு இல்லீங்ணா, சும்மாதான். பளபளன்னு இருக்கும்."

"சைடுல பூசினாலும் ஓடுறப்போ பட்டன் பக்கம் வந்துடும். விட்டுடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே பாட்டிலை மூடிவிட்டார். காருக்கு அது அழகுப் பொருள்; நான்கு சக்கரத்தில் நிற்கும் வண்டி சாய்வதில்லை. பைக் டயரில் பக்கச் சுவர் முடியும் இடத்திலேயே சாய்வில் தரையைத் தொடும் ஓரம் தொடங்கிவிடுகிறது. அங்கே சிலிக்கோன் கலந்த பாலிஷ் படிந்தால் முதல் வளைவிலேயே வண்டி கைவிட்டுப் போகும். டயர் மாற்றக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள், திரும்பி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

புது டயர் ஏன் வழுக்குகிறது என்ற கேள்விக்கு, டயரை வார்க்கும் அச்சிலிருந்து எளிதாகக் கழற்றுவதற்காகப் பூசிய எண்ணெய் என்ற ஒற்றைப் பதிலே பரவலாகச் சொல்லப்படுகிறது. அது முழு விளக்கம் அல்ல. உருவம் பெறாத ரப்பர்க் கூட்டை அச்சில் வைத்து உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேகவைக்கும்போது, மெருகேறிய உலோக அச்சின் வழவழப்பை ரப்பர் அப்படியே வாங்கிக்கொள்கிறது. பூச்சு எதுவுமே இல்லாவிட்டாலும் அந்தத் தோல் வழுக்கும். அச்சின் காற்றுத் துளைகளுக்குள் பிதுங்கிய ரப்பர்தான் டயரின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முடிகள். வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்காமல் இருக்க ரப்பரில் கலக்கும் மெழுகும், இருப்பில் கிடக்கும் காலத்தில் மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வருகிறது. ரப்பர் சாலையைப் பிடிப்பது இரண்டு வகையில்: தாரில் உள்ள சல்லிகளின் கூர்முனைகளுக்குள் அமிழ்ந்து கவ்வுவது ஒன்று, மேற்பரப்போடு நெருங்கி ஒட்டுவது இன்னொன்று. வழவழப்பான தோல் இரண்டையுமே குறைக்கிறது. சாலையில் ஓடி அந்தத் தோல் உரிந்து சொரசொரப்பான பிறகே டயர் தன் முழுப் பிடிப்பைத் தருகிறது.

மேற்பரப்பு மட்டுமே காரணமாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அன்றைக்கே மலை ஏறலாம். ஆனால் புது டயரின் உள்ளே இருக்கும் நூலடுக்குகளும் ரப்பரும் சில முறை சூடாகி, வளைந்து, ஆறிய பிறகே ஒருநிலைப்படுகின்றன. உள்விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையிலுள்ள சோப்புத் தண்ணீர் காய்வதற்கு ஒரு நாளாவது ஆகும். அதற்குள் திடீரென்று ஆக்சிலேட்டரைத் திருகினாலோ பிரேக்கை மிதித்தாலோ டயர் ரிம்மின் மேல் நழுவ வாய்ப்பு இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தட்டையான பழைய டயருக்குப் பழகிய கை, புது டயரில் அதே விசையைக் கொடுத்தால் வண்டி எதிர்பார்த்ததைவிடச் சட்டென்று சாயும். பழக வேண்டியது ஓட்டுபவரும்தான்.

வீட்டுக்கு ஓட்டிவரும் அந்தக் குறுகிய தூரமே ஆபத்து மிகுந்த பகுதி என்பது என் கணிப்பு. ஏனெனில் அங்கே போக்குவரத்து நெரிசல், வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடிகள், ஓரத்து மணல் ஆகிய அனைத்தும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. கிளம்புவதற்கு முன் முன் பிரேக் லீவரையும் பின் பிரேக் மிதியையும் இறுக்கம் வரும்வரை பலமுறை அழுத்தினேன். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரின் பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டிருந்தால், முதல் அழுத்தம் வெறுமையாகப் போகும். இதைச் சாலைச் சந்திப்பில் கண்டுபிடிப்பது நல்லதல்ல. வேலை செய்தவரின் கைக் கிரீஸ் டிஸ்க்கில் படிந்திருக்கிறதா என்றும் பார்த்துத் துடைத்துக்கொண்டேன். முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் இடையே வழக்கத்தைவிட இருமடங்கு இடைவெளி விட்டு, திருப்பங்களில் வண்டியைச் சாய்க்காமல் மெதுவாகத் திருப்பி வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை, பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த தண்ணீரும் நைலான் பிரஷும் கொண்டு இரண்டு டயர்களையும் ஓரம் வரை தேய்த்துக் கழுவினேன். பெட்ரோல், டீசல், தின்னர் ஆகியவற்றால் துடைப்பது சிலரிடம் பழக்கமாக இருக்கிறது. அவை ரப்பரில் ஊறி அதைக் கெடுக்கும். கழுவிக் காய்ந்த டயரை விரலால் தடவியபோது, நேற்று ஓடிய நடுப்பகுதி மட்டும் மங்கலாகி, பக்கங்கள் கறுத்து மின்னின. இந்த மங்கலுக்கும் மினுக்கத்துக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடுதான் இனி வரும் வேலை முழுவதற்கும் என் அளவுகோல். அதோடு, ஒவ்வொரு சக்கரத்திலும் வால்வுக்கு எதிரே, ரிம்மிலிருந்து டயரின் பக்கச் சுவர் வரை சாக்பீஸால் நேர்கோடு ஒன்று இழுத்து வைத்தேன். டயர் ரிம்மில் நழுவினால் கோடு இரண்டாக முறிந்து தெரியும்.

பழக்குவதற்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் தூரம் 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர். கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி வழியாக ஆழியாறு வரை போய்த் திரும்பினால் அந்தத் தூரத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும். மழை இல்லாத காலமாகவும், வெயில் ஏறித் தார் சற்றுச் சூடான நேரமாகவும் தேர்ந்தெடுத்தேன். பின்னால் யாரையும் ஏற்றவில்லை.

பொள்ளாச்சி வரையிலான நான்கு வழிச்சாலையில் வண்டியை நிதானமாக 50, 60 வேகத்தில் வைத்து, இடையிடையே சற்றுக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினேன். ஒரே வேகத்தில் போவதைவிட, மென்மையாக வேகம் எடுத்து மென்மையாகப் பிரேக் பிடிப்பது டயரை நன்றாகச் சூடேற்றும், தோலும் உரியும். பின்னால் வண்டி எதுவும் வராத இடங்களில் மட்டும், முன் பிரேக்கை முதலில் இலேசாகவும் அடுத்த முறை சிறிது அழுத்தமாகவும் பிடித்துப் பார்த்தேன். கிணத்துக்கடவை ஒட்டிய பகுதியில் கல் குவாரி லாரிகள் சிந்திச் செல்லும் எம்-சாண்ட் சாலை ஓரத்திலும் பிரியும் இடங்களிலும் படிந்து கிடப்பதால், அங்கே இந்தப் பயிற்சி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. நேர்ச்சாலையில் வண்டியை இடமும் வலமுமாகப் பாம்பு போல நெளித்து ஓட்டினால் டயர் சீக்கிரம் பழகும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நெளிப்பில் சாய்வு மிகக் குறைவு, நடுப்பகுதிக்குச் சற்று வெளியே மட்டுமே தேயும். பின்னால் வரும் பேருந்து ஓட்டுநருக்கு அச்சம் கொடுப்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

பொள்ளாச்சி புறவெளியில் ஒரு டீக்கடையில் நிறுத்திப் பார்த்தபோது, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய விஷயம் கண்ணில் பட்டது. ஓடிய தூரம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஆனால் பின் டயரின் நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு மட்டுமே மங்கல். அதற்கு வெளியே இருபுறமும் ரப்பர் முடிகள் ஒன்றுகூட ஒடியாமல் நின்றன. அதாவது, இதே நேர்ச்சாலையில் 160 கிலோமீட்டர் அல்ல, 500 கிலோமீட்டர் ஓட்டினாலும் ஓரங்கள் கடையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கும். மீட்டரில் ஏறிய எண்ணை நம்பி, டயர் பழகிவிட்டது என்று மலையில் முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டியைச் சாய்க்கிறவருக்கு, அந்த நொடியில் சாலையைத் தொடுவது ஒரு மீட்டர்கூட ஓடாத ரப்பர். நூலடுக்குகளுக்கும் உள்விளிம்புக்கும் தூரக் கணக்கு பொருந்தும். மேற்பரப்புக்குச் சாய்வுக் கணக்கே பொருந்தும்.

ஆகவே ஆழியாறு செல்லும் பகுதியை அதற்கென்றே பயன்படுத்தினேன். அந்தச் சாலையில் பார்வை மறைக்காத, அகன்ற வளைவுகள் இருக்கின்றன. வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொண்டு, உள்ளே ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்து, ஒவ்வொரு வளைவிலும் முந்தையதைவிட ஒரு சிறிது மட்டும் கூடுதலாகச் சாய்த்தேன். சாய்ந்த நிலையில் பிரேக்கைத் தொடுவதும் ஆக்சிலேட்டரைத் திருகுவதும் கூடவே கூடாது. பழகாத ரப்பர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் தாங்கும். மரங்களின் நிழல் அடர்ந்த இடங்களில் தார் குளிர்ந்தும், சில இடங்களில் காலை ஈரம் உலராமலும் இருந்ததால், அங்கெல்லாம் வண்டியை நிமிர்த்தியே கடந்தேன்.

ஆழியாறு அணையின் அருகே நிறுத்திப் பார்த்தபோது எல்லைக்கோடு இருபுறமும் நன்றாக விரிந்திருந்தது, ஆனால் சமமாக இல்லை. வலப்பக்கம் கூடுதலாகவும் இடப்பக்கம் குறைவாகவும் மங்கியிருந்தது. இடப்புறமாக ஓட்டும் நம் நாட்டில் வலது வளைவின் ஆரம் பெரிது, ஓடும் தூரமும் மிகுதி. எதிரே சாலை திறந்து தெரிவதால் தயக்கமும் குறைகிறது. இடது வளைவோ குறுகியது, ஓரத்து மணலும் அந்தப் பக்கம்தான். மலையில் நான் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது இடது வளைவுகளில் என்பதை டயரே காட்டிவிட்டது. திரும்பும் வழியில் இடது வளைவுகளில் மட்டும் கவனம் வைத்து, மணல் இல்லை என்று கண்ணுக்கு உறுதியான இடங்களில் சாய்வைக் கூட்டிக்கொண்டேன்.

ஓடி நிறுத்திய சூட்டில் காற்றை அளந்தால் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அது இயல்பு, சூட்டில் காற்றை இறக்கிவிட்டால் ஆறிய பிறகு குறைந்து நிற்கும். மறுநாள் காலை வண்டி குளிர்ந்த நிலையில் அளந்தபோது முன்னால் மாற்றம் இல்லை, பின்னால் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்திருந்தது. வால்வின் அடியிலும் ரிம் ஓரத்திலும் சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் வால்வு ஊசியில் மெல்லக் குமிழி வந்தது. ஊசியை மாற்றியதும் நின்றது. சாக்பீஸ் கோடு இரு சக்கரங்களிலும் முறியாமல் நேராகவே இருந்தது. பின் ஆக்ஸில் நட்டின் இறுக்கத்தையும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்மின் இருபுறக் குறிகளிலும் சக்கரம் ஒரே அளவில் நிற்கிறதா என்பதையும், செயின் தொய்வையும் பார்த்தேன். பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் செயின் அமைப்பும் மாறும் என்பதால், டயர் வேலைக்குப் பிறகு இந்தச் சரிபார்ப்பை விடக் கூடாது.

வால்பாறைக்கு அடுத்த வாரம் கிளம்பினேன். ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் தொடங்கும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில், முதல் சிலவற்றை முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் நடை வேகத்துக்குச் சற்று மேலாக மட்டுமே எடுத்தேன். கொண்டை ஊசியில் உள்பக்கம் செங்குத்தாக ஏறும் இடத்தில், சாய்ந்த நிலையிலேயே பின் சக்கரத்துக்கு இழுவை கொடுக்க வேண்டியிருக்கிறது. சமவெளி வளைவில் இந்தச் சோதனை வராது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ காட்சிமுனையில் எல்லோரும் அணையைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் பின் டயரின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். கைக்கு இதமான சூடு. இடப்பக்கத்திலும் மினுக்கம் ஒரு விரல் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. அதற்கு மேல் வந்த வளைவுகளில் வழக்கமான வேகத்தில் ஓட்டினேன். பழைய டயரில் வளைவுக்குள் வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. இப்போது ஹேண்டிலை இலேசாக அழுத்தினாலே திரும்பியது. இறங்கும்போது முன் சக்கரத்தில் சுமை கூடுவதால், எஞ்சின் பிடிப்பிலேயே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை நேராக இருக்கும்போது மட்டும் பயன்படுத்தினேன்.

வீடு திரும்பிய பின் முன் டயரின் இரு ஓரங்களிலும் சுண்டுவிரல் அகலத்துக்கு மினுக்கமும், அதில் சில ரப்பர் முடிகளும் மீதமிருந்தன. அந்த மினுக்கத்தையும் தேய்த்துவிட வேண்டும் என்று பொதுச்சாலையில் முட்டி உரச ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என் ஓட்டத்துக்கு அந்த ஓரம் தேவைப்படுவதே இல்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த பயணத்தில் பின்னால் ஆள் உண்டு. பின் டயரில் காற்றை 32-க்கு ஏற்றியிருக்கிறேன். சுமையால் பின்பக்கம் தாழும் என்பதால் முகப்பு விளக்கின் ஒளியையும் சற்றுக் கீழே இறக்கி வைத்திருக்கிறேன்.